வடசென்னையில் உங்கள் குழந்தையைக் குருளையர் படையில் சேர்ப்பது எப்படி?

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தையை நான்கு சுவருக்கு வெளியே அழைத்துச் சென்று, நடக்கவும், பறவைகளைப் பார்க்கவும், முடிச்சுப் போடவும், தன் வேலையைத் தானே செய்யவும் பழக்கும் ஒரு குழுவைத் தேடும் பெற்றோருக்கு, குறைந்த செலவில் கிடைக்கக்கூடிய நல்ல வழி சாரண இயக்கத்தின் குருளையர் படை. தேசிய மாணவர் படை உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு உரியது. இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர ஆறாம் வகுப்புக்கு வர வேண்டும். தொடக்கப் பள்ளி வயதை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது குருளையர் பிரிவு. ஆனால் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் நான் சந்திக்கும் பெற்றோரில் பலர், சாரணர் என்றால் குடியரசு தினத்தன்று கழுத்தில் ஸ்கார்ஃப் அணிந்து பள்ளி மைதானத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் என்ற அளவில்தான் அறிந்திருக்கிறார்கள். எங்கே விசாரிப்பது, எதைக் கேட்பது, எப்போது பணம் கொடுப்பது என்ற விவரங்கள் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு படையில் உதவியாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படையைத் தேர்ந்தெடுக்கும்போதும், சேர்த்த பிறகும், முதல் பயணத்துக்குப் பை கட்டும்போதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே வேலையைச் செய்வது குழந்தையா, பெரியவர்களா? குழந்தை செய்கிறது என்றால் அந்தப் படையில் மற்ற குறைகள் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். பெரியவர்களே எல்லாவற்றையும் செய்து முடித்துப் புகைப்படத்துக்கு மட்டும் பிள்ளைகளை நிறுத்துகிறார்கள் என்றால், அங்கே சேர்ப்பதால் குழந்தைக்குக் கிடைக்கப்போவது சீருடை மட்டும்தான்.

வயதும் பிரிவுகளும்

சாரண இயக்கம் 1907-இல் இங்கிலாந்தில் பேடன் பவல் நடத்திய ஒரு சிறுவர் முகாமிலிருந்து வளர்ந்தது. தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி சாரணர்களின் தம்பிமார்கள் நச்சரித்ததன் விளைவாக, 1916-இல் சிறுவயதினருக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. நம் நாட்டில் தொடக்கத்தில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே இடம் இருந்த இந்த இயக்கத்தை, இந்தியச் சிறுவர்களுக்காகச் சென்னையிலேயே தொடங்கி வைத்தவர்களுள் அன்னி பெசன்ட் முக்கியமானவர். விடுதலைக்குப் பிறகு, தனித்தனியாக இயங்கிய சங்கங்கள் இணைந்து 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது.

இதில் ஐந்து வயது நிறைந்து பத்து வயது நிறையாத ஆண் குழந்தைகள் குருளையர் என்றும், அதே வயதுப் பெண் குழந்தைகள் நீலப்பறவையர் என்றும் அழைக்கப்படுகிறார்கள். குருளையருக்கு ஓநாய்க் கூட்டத்தில் வளர்ந்த மௌக்லியின் கதையும், நீலப்பறவையருக்குத் தாரா என்னும் சிறுமியின் கதையும் அடிப்படை. படையை நடத்தும் பெரியவரைக் குருளையர் ‘அகேலா’ என்று அழைப்பதும் அந்த ஓநாய்க் கூட்டத் தலைவனின் பெயரால்தான். ஒரு படையில் வழக்கமாக 24 பேர் வரை இருப்பார்கள். அவர்கள் ஆறு பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரிக்கப்படுவார்கள். அணித் தலைவனுக்குச் ‘சிக்ஸர்’ என்று பெயர். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இன்னும் ஐந்து பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்று, யார் தண்ணீர் கொண்டுவரவில்லை, யார் பின்தங்கிவிட்டார்கள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் இந்தச் சிறிய அமைப்பிலிருந்தே வருகிறது. 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மணப்பாறையில் நடந்த வைரவிழா ஜாம்போரியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, ‘என் பிள்ளையையும் அங்கே அனுப்புவீர்களா?’ என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அத்தகைய பெருமுகாம்கள் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேற்பட்ட சாரணர் சாரணியருக்கானவை. சிறுவர்களுக்கென்று குருளையர் நீலப்பறவையர் உத்சவ் என்ற விழா தனியாக நடத்தப்படுகிறது.

படையைத் தேடுதல்

தமிழ்நாட்டில் பெரும்பாலான படைகள் பள்ளிகளோடு இணைந்தே இயங்குகின்றன. ஆகவே, முதலில் உங்கள் குழந்தை படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரைக் கேளுங்கள். ‘சாரணர் இருக்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்டால், ஆறாம் வகுப்புக்கு மேல் இருப்பதைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘தொடக்க வகுப்புகளுக்குக் குருளையர் அல்லது நீலப்பறவையர் பிரிவு இருக்கிறதா?’ என்று குறிப்பாகக் கேட்பது நல்லது. இல்லை என்றால், மாவட்டச் சாரணர் சங்கத்தின் செயலரை எப்படித் தொடர்புகொள்வது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பள்ளியைச் சாராமல் வட்டார அளவில் இயங்கும் திறந்தநிலைக் குழுக்களும் உண்டு. எந்தப் பள்ளிப் பிள்ளையும் அவற்றில் சேரலாம். உங்கள் பகுதியில் அப்படி ஏதும் உள்ளதா என்பது சங்கத்துக்குத் தெரிந்திருக்கும்.

பெரம்பூர், அயனாவரம், ராயபுரம் போன்ற ரயில்வே குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. இந்தியாவில் ரயில்வே மண்டலங்கள் சாரண இயக்கத்தில் தனி மாநிலங்களாகக் கருதப்படுகின்றன. தெற்கு ரயில்வேக்கும் அவ்வாறே தனி அமைப்பு உண்டு. குடும்பத்தில் யாராவது ரயில்வேயில் பணியாற்றினால் அங்கே விசாரிக்கத் தவறாதீர்கள். தூரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் எண்ணூரிலிருந்து கொளத்தூருக்கு அலைய வேண்டிய படை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், மூன்றாம் மாதம் நின்றுவிடும். நடந்தோ ஒரே பேருந்திலோ மெட்ரோவிலோ போய்ச் சேரக்கூடிய படையே நீடிக்கும்.

சேர்ப்பதற்கு முன் ஒரு கூட்டத்தை நேரில் பாருங்கள்

படிவத்தை வாங்குவதற்கு முன், குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரக் கூட்டத்துக்குச் சென்று, ஓரமாக நின்று முழுவதும் பாருங்கள். அனுமதி கேட்டால் நல்ல அகேலா மறுக்கமாட்டார். கூட்டம் வழக்கமாக ஒன்று, ஒன்றரை மணி நேரம் நடக்கும். பிள்ளைகள் வட்டமாகக் குந்தி அமர்ந்து, அகேலாவை நோக்கி ‘எங்களால் இயன்றதைச் செய்வோம்’ என்ற பொருளில் உரக்கக் குரல் எழுப்புவதோடு தொடங்கும். பிறகு கொடி, பிரார்த்தனை, சுத்தம் பார்த்தல், விளையாட்டு, ஏதாவது ஒரு கைவேலை, கதை, மறுபடி விளையாட்டு என்று மாறி மாறிப் போகும். பிரார்த்தனைப் பாடலும் கொடிப் பாடலும் இந்தியில் இருப்பதால், பிள்ளைகள் பொருள் புரியாமலே பாடுவதுண்டு. பொருளைத் தமிழில் சொல்லித்தரும்படி நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

எதைக் கவனிப்பது? விளையாட்டு எவ்வளவு நேரம், வரிசையில் நிற்பது எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் ‘அட்டென்ஷன்’, ‘ஸ்டாண்ட் அட் ஈஸ்’ என்று கழிந்தால், அது ஏழு வயதுக் குழந்தைக்கு ஏற்ற படை அல்ல. ஒரு துணிக்கு அடியில் இருபதுக்கு மேற்பட்ட பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் மட்டும் திறந்து காட்டிவிட்டு மூடி, பார்த்தவற்றைச் சொல்லச் சொல்லும் விளையாட்டு சாரணர்களிடையே புகழ்பெற்றது. அதில் வகுப்பில் முதல் மாணவனாக இருப்பவன் எட்டுப் பொருள்களைச் சொல்லித் திணறும்போது, பின்வரிசையில் இருக்கும் பிள்ளை பேனாவின் மூடி எந்த நிறம் என்பது வரை சொல்வதைப் பார்க்கலாம். அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு, மதிப்பெண்ணுக்கு வெளியே ஒரு குழந்தைக்கு எவ்வளவு இடம் தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

முடிச்சுப் போடும் நேரத்தில் சற்று அருகே சென்று பாருங்கள். முதலில் கற்றுத்தரப்படும் ரீஃப் முடிச்சில், வலது முனையை இடது முனையின் மேல் போட்டுச் சுற்றி எடுக்க வேண்டும். பிறகு, இப்போது இடப்பக்கம் வந்துவிட்ட அதே முனையை மற்றதன் மேல் போட்டுச் சுற்றி இழுக்க வேண்டும். சரியாகப் போட்டால் முடிச்சு தட்டையாகப் படியும். காயத்துக்குக் கட்டுப் போடவும் கையைத் துணியில் தொங்கவிடவும் இதைப் பயன்படுத்துவது, தோலில் உறுத்தாது என்பதால்தான். இரண்டாம் முறையும் வலது முனையையே மேலே போட்டுவிட்டால் முனைகள் குறுக்காக நீட்டிக்கொண்டு நிற்கும், இழுத்தால் வழுக்கும். இந்தத் தவறு எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரும். அப்போது அகேலா கயிற்றைப் பிடுங்கித் தானே கட்டிக் காட்டுகிறாரா, அல்லது ‘இழுத்துப் பாருப்பா, நிக்குதா?’ என்று கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாரா என்பதைக் கவனியுங்கள். காத்திருப்பவரிடம் குழந்தையைத் தயங்காமல் விடலாம். காசிமேட்டிலிருந்து வரும் பிள்ளைகளில் சிலர், வலை பின்னும் தாத்தாவிடம் கற்ற முடிச்சுகளோடு வருவார்கள். அவர்களைக் கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைக்கும் படை, தான் இருக்கும் ஊரை அறிந்த படை.

பாதுகாப்பு பற்றிக் கேட்க வேண்டியவை

இங்கே கூச்சம் வேண்டாம். படைக்கு நடப்பாண்டுப் பதிவு இருக்கிறதா, அகேலா அடிப்படைப் பயிற்சியாவது முடித்திருக்கிறாரா என்று கேளுங்கள். சாரணத் தலைவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, இமாலய வுட் பேட்ஜ் என்று படிப்படியான பயிற்சிகள் உண்டு. முறையாகப் பயின்றவர் சான்றிதழைக் காட்டுவதில் பெருமைப்படுவாரே தவிர வருத்தப்படமாட்டார். எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா, நீலப்பறவையருடன் பெண் தலைவர் இருப்பாரா, கழிப்பறைக்கு யார் அழைத்துச் செல்வார்கள், கூட்டம் முடிந்ததும் பெற்றோர் வரும்வரை யார் காத்திருப்பார்கள் என்பவற்றையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையுடனும் தனியறையில் இருக்கக் கூடாது என்பது விதியாகவே இருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த எண்ணைக் குழந்தையையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். இக்கேள்விகளால் முகம் சுளிக்கும் படையில் சேர்க்காதீர்கள்.

சேர்க்கை, செலவு, சீருடை

சேர்க்கை எளியது. படிவம், பிறந்த தேதிச் சான்றின் நகல், புகைப்படம், பெற்றோர் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றோடு, குழந்தையின் ரத்த வகை, ஒவ்வாமை, வீசிங் அல்லது வலிப்பு போன்ற பிரச்சினைகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். நோயை மறைக்காதீர்கள். மணலி, எண்ணூர் பக்கத்துக் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு இருந்தால் இன்ஹேலரை எங்கே வைத்திருக்கிறது, எப்போது கொடுக்க வேண்டும் என்பது அகேலாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் சிறியதாகத்தான் இருக்கும். பெரிய தொகை கேட்டால் எதற்கென்று கேட்டு, ரசீது வாங்குங்கள்.

சீருடையை உடனே வாங்காதீர்கள். முதல் சில வாரங்கள் சாதாரண உடையிலேயே வரலாம். ‘பிரவேஷ்’ எனப்படும் முதல் நிலையை முடித்து, உறுதிமொழி எடுத்துக்கொள்ளும் நாளில்தான் ஸ்கார்ஃபும் சின்னமும் அணிவிக்கப்படும். அதற்குள் குழந்தைக்குப் பிடித்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மூத்த பிள்ளைகளுக்குச் சிறியதாகிப்போன சீருடைகள் படையில் இருக்கும், கேட்டால் கிடைக்கும்.

உறுதிமொழி

கடவுளுக்கும் நாட்டுக்கும் தன் கடமையைச் செய்யவும், குருளையர் விதிகளைக் கடைப்பிடிக்கவும், நாள்தோறும் ஒரு நற்செயல் புரியவும் தன்னால் இயன்றதைச் செய்வதாகக் குழந்தை உறுதியளிக்கிறது. கடவுள் என்ற சொல்லைத் தங்கள் வீட்டுக் கொள்கையோடு பொருத்திப் பார்க்க முடியாதவர்கள், ‘தர்மம்’ என்ற சொல்லை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று இயக்கத்தின் விதியே இடம் தருகிறது. நம் பகுதியில் பகுத்தறிவுக் குடும்பங்களும், எல்லாச் சமயக் குடும்பங்களும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள் என்பதால் இதை முன்கூட்டியே அகேலாவிடம் பேசிவிடுவது நல்லது.

நாளொரு நற்செயல் என்பதைப் பெற்றோர் பெரிதாக எண்ணிவிடுகிறார்கள். மெட்ரோ வாட்டர் லாரி வரும்போது பக்கத்து வீட்டுப் பாட்டியின் குடத்தை வரிசையில் நகர்த்தி வைப்பது, படிக்கட்டில் கிடக்கும் செருப்பை ஓரமாக எடுத்து வைப்பது ஆகியவையே இந்த வயதுக்குப் போதும். நீங்கள் நினைவூட்டலாம்; ஆனால் நற்செயலைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள்.

முதல் வெளிப்பயணம்

பெற்றோர் அதிகம் அஞ்சுவதும், பிள்ளைகள் அதிகம் காத்திருப்பதும் இதற்காகத்தான். குருளையர் வயதில் பயணம் என்றால் பெரும்பாலும் காலையில் போய் மாலையில் திரும்புவதே. இரவுத் தங்கல் இருந்தால் கூடாரத்தைவிடப் பள்ளிக் கட்டடம் போன்ற கூரையுள்ள இடமே நல்லது. வடசென்னையில் போவதற்கு இடமில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தை வெளியிலிருந்து சுற்றிப் பார்க்கவே ஒரு காலைப்பொழுது வேண்டும். ரெட்டேரியில் நாமக்கோழியும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூருக்குப் போகலாம். சற்றுப் பெரிய பிள்ளைகளை, அதே ரயிலில் பொன்னேரி வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போகலாம். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கே கூட்டமாக நிற்கும்.

பருவத்தைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். கத்திரி வெயிலில் எந்தப் பயணமும் வேண்டாம். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் பிள்ளைகளை இறக்கக் கூடாது. ஜனவரியும் பிப்ரவரியும் மிக ஏற்றவை. மற்ற மாதங்களில் விடியற்காலையில் கிளம்பி, பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். கடற்கரைக்குச் சென்றால் கால் நனைப்பதற்குக்கூட நான் சம்மதிக்கமாட்டேன். நம் கடலில் கீழிழுப்பு வலுவானது, அலைதடுப்புக் கற்கள் பாசி பிடித்து வழுக்கும், கற்களின் இடுக்கில் கால் மாட்டினால் எடுப்பது கடினம். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் செல்வதால், அந்தச் சாலைகளின் ஓரமாகப் பிள்ளைகளை நடத்திச் செல்லும் திட்டம் இருந்தால் வேறு வழியைக் கேளுங்கள்.

பையைக் குழந்தையே கட்டட்டும். இதை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். அம்மா கட்டிய பையோடு வரும் பிள்ளைக்குத் துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பாதிப் பையைத் தரையில் கொட்டிவிட்டு அழும். முந்தின நாள் மாலை, பொருள்களைப் பாயில் பரப்பி வைக்கச் சொல்லுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, துண்டு, ஒரு செட் மாற்றுடை, அழுக்குத் துணிக்கு ஒரு பை, சிறு நோட்டு, பென்சில், சாப்பாட்டு டப்பா. கடைசியில் வேண்டியதை அடியிலும், முதலில் வேண்டியதை மேலேயும் அதுவே வைக்கட்டும். நீங்கள் அருகில் உட்கார்ந்து, ‘தண்ணி தாகம் எடுத்தா எப்படிடா எடுப்ப?’ என்று கேட்டால் போதும். பாட்டிலை அடியில் வைத்த பிள்ளை தானாகவே மாற்றி வைக்கும். பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். புது ஷூ கடிக்கும். பழகிய ஷூவே போதும். தங்கச் சங்கிலி, கம்மல், செல்போன் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், அல்லது நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி மிக நல்லது. வெயிலில் தயிர்சாதம் புளித்துவிடும், தேங்காய்ச் சட்னி கெட்டுவிடும். எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள் என்பதால் ஒரு கைப்பிடி கூடுதலாக வையுங்கள். குழந்தைக்குத் தன் கையால் டப்பாவைத் திறக்க முடிகிறதா என்று முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

பெற்றோர் நிற்க வேண்டிய இடம்

முதல் சில கூட்டங்களில் குழந்தை உங்கள் விரலை விடாமல் நிற்கலாம். வற்புறுத்த வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அமர்ந்திருங்கள். மற்ற பிள்ளைகள் ஓடும்போது தானும் ஓடிவிடும். அதன்பின் நீங்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். ஷூ லேஸ் அவிழ்ந்தால் ஓடிப்போய்க் கட்டாதீர்கள். அணியில் உள்ள இன்னொரு பிள்ளை கட்டிவிடும், அல்லது அதுவே கட்டிக்கொள்ளும். உதவ விரும்பினால் அகேலாவிடம் சொல்லுங்கள்: பயணத்தின்போது வரிசையின் கடைசியில் நடப்பதற்கும், முதலுதவிப் பெட்டியைச் சுமப்பதற்கும், கணக்கு எழுதுவதற்கும் எப்போதும் ஆள் தேவை. குழந்தைக்கு உடற்குறையோ கற்றல் சிரமமோ இருந்தால் அதற்காகத் தயங்கி நிற்காதீர்கள். சாரண இயக்கத்தில் அவர்களுக்கும் இடமுண்டு. எந்த உதவி தேவை என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துகொண்டால், மற்ற பிள்ளைகள் மிக விரைவில் பழகிவிடுகிறார்கள்.

சில மாதங்கள் கழித்துக் குழந்தை வரமாட்டேன் என்றால் காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். அணியில் சண்டை, கிண்டல், வெயில் ஆகியவை சரிசெய்யக்கூடியவை, அகேலாவிடம் பேசுங்கள். ஒரு பெரியவரைப் பார்க்க அச்சம் என்றால், அன்றே நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

குழந்தை ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் இரண்டு வேலைகள் உண்டு. குருளையருக்கும் நீலப்பறவையருக்கும் உரிய மிக உயர்ந்த விருதான தங்க அம்பைப் பெறுவதற்கான நிலைகளைப் பத்து வயது நிறைவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால், எந்த நிலை எந்தத் தேதியில் முடிந்தது என்ற பதிவை அகேலாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பள்ளியோடு படையும் முடிந்துவிடும் இடங்களில், ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கப்போகும் பள்ளியில் சாரணர் அல்லது சாரணியர் படை இருக்கிறதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே விசாரித்து, புதிய ஆசிரியரிடம் அந்தப் பதிவைக் கொடுத்துவிடுங்கள்.